வாசல் நடைபாதைக்கு கான்க்ரீட் ஃபினிஷ் எடுக்கப் போறீங்களா? மொதல்ல செருப்ப கழட்டுங்க

எங்க வீடு கடலூர்ல மஞ்சக்குப்பம் பக்கம். கேட்ல இருந்து படிக்கட்டு வரைக்கும் 20 அடி நீளம், 4 அடி அகலம், அவ்ளோதான் பாதை. இந்த 80 சதுர அடிய நான் ரெண்டு தடவ போட்டேன். மொத தடவ போட்டோ ஒன்ன காட்டி இதே மாதிரி வேணும்னு சொல்லி, செவப்பு கலர்ல, சிமெண்ட் பால் விட்டு கரண்டியால இழைச்சு, மேல பளபளன்னு ஒரு கோட்டிங்கும் அடிச்சாச்சு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவங்க எல்லாம் வீட்ட விட்டுட்டு பாதைய போட்டோ எடுத்தாங்க. ஐப்பசி மொத மழைல அப்பா பால் பாக்கெட் எடுக்க போனாரு, வழுக்கி உக்காந்துட்டாரு, மணிக்கட்டுல ஒன்ற மாசம் கட்டு. "டேய், இது நடக்கறதுக்கு போட்டதா, சறுக்கி வெளயாட போட்டதா"ன்னு கேட்டாரு, பதில் சொல்ல முடியல. அதுக்கு அப்புறம் ஒடச்சிட்டு மறுபடி போட்டதுல கத்துக்கிட்டத தான் எழுதறேன். புதுசா வீடு கட்றவங்க, கடல் பக்கம் குடி வர்றவங்க படிச்சா ஒரு தடவையோட முடிஞ்சிடும்.

முதல் வேல, கடைக்கு போறதோ போட்டோ தேடறதோ இல்ல. மத்தியானம் 1 மணிக்கு செருப்ப கழட்டிட்டு உங்க வாசல்ல நில்லுங்க. வெயில் எங்க விழுது, மர நிழல் எங்க இருக்கு, யாரு யாரு வெறுங்காலோட நடப்பாங்கன்னு யோசிங்க. நம்ம வீடுகள்ல காலைல வாசல் தெளிக்க வர்றவங்க வெறுங்கால், பூ வாங்க கேட்டுக்கு ஓடறவங்க வெறுங்கால், புள்ளைங்க எப்பவும் வெறுங்கால். கருப்பு, கருஞ்சாம்பல் கலரெல்லாம் படத்துல ரொம்ப கம்பீரமா இருக்கும், கத்திரி வெயில்ல அது மேல கால் வெச்சா தோசைக்கல்லு தான். நிழல் இல்லாத வாசலா இருந்தா வெளிர் கலருக்கு போங்க, இதுல வேற யோசனையே வேணாம்.

அடுத்தது தண்ணி. நம்ம ஊரு மழை வருஷம் பூரா தூறிக்கிட்டு இருக்கற மழை இல்ல, அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள மொத்தமா கொட்டிட்டு போறது. 2015 நவம்பர்ல கடலூர் பட்ட பாடு தெரியும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை ஏறினப்ப அங்க தெருவெல்லாம் நின்ன தண்ணியும் தெரியும். அதனால ஒரு பக்கெட் தண்ணிய வாசல்ல ஊத்தி அது எந்த பக்கம் ஓடுதுன்னு பாருங்க. வீட்டு பக்கம் திரும்பினா ஃபினிஷ் பத்தி பேசறதுக்கு முன்னாடி லெவல் பத்தி பேசணும். இன்னொன்னு, நம்ம ஊர்ல ரோடு போடும்போதெல்லாம் பழச சொரண்டாம மேலயே போட்டு உசத்திக்கிட்டே போறாங்க, அதனால கேட் பக்கம் இன்னிக்கு ரோடு மட்டத்துக்கே பாதைய முடிக்காதீங்க, கொஞ்சம் ஏத்தி வைங்க.

மூணாவது விஷயத்த எந்த கேட்லாக்கும் சொல்லாது: கோலம். உங்க வீட்ல யாராவது தெனமும் கோலம் போடுவாங்களா? அப்படின்னா அவங்கள கேக்காம ஃபினிஷ் முடிவு பண்ணாதீங்க. மொத தடவ நான் கேக்கல. அந்த பளபள கோட்டிங் மேல மாவு நிக்கவே இல்ல, காத்துல அப்படியே வழிச்சிக்கிட்டு போச்சு, அம்மா ஒரு மாசம் ரோட்டுலயே கோலம் போட்டாங்க, ஒரு வார்த்த சொல்லல, ஆனா நான் பாக்கற மாதிரி நின்னு போட்டாங்க.

இத மூணையும் மனசுல வெச்சிக்கிட்டு இப்ப வகைகள பாப்போம்.

ரொம்ப சாதாரணமா இருக்கறதாலயே யாரும் மதிக்காத ஒன்னு தொடப்ப ஃபினிஷ். கான்க்ரீட் கொட்டி, மட்டப்பலகையால இழுத்து, மணியாசு கட்டையால (கைப்புடி வெச்ச தட்டையான தேய்ப்புப் பலகை) தேய்ச்சு, கொஞ்சம் இறுகின உடனே தொடப்பத்தால ஒரே திசையில இழுக்கறது. மெல்லிசா வரி வரியா விழும், கால் புடிக்கும். செலவு கம்மி, ரிப்பேர் ஈசி. நம்மாளுங்க தென்னந்தொடப்பத்த எடுத்துடுவாங்க, அது ரொம்ப ஆழமா கீறிடும், புள்ளைங்க விழுந்தா முட்டி தோல் உரியும். நைலான் பிரஷ்ஷோ, பூந்தொடப்பமோ எடுத்துக்க சொல்லுங்க. வரிய நடக்கற திசைக்கு குறுக்க போடணும், நீளவாக்குல இல்ல. அப்பதான் கால் வழுக்காது, பாதை பக்கவாட்டுல சரிவா இருந்தா தண்ணியும் அந்த வரியிலயே எறங்கி போய்டும்.

இன்னொன்னு மணியாசு ஃபினிஷ். கட்டையால வட்டமா தேய்ச்சு அப்படியே விட்டுடறது, கரண்டி போடறதே இல்ல. லேசா சொரசொரன்னு மணல் தாள் மாதிரி இருக்கும். கோலத்துக்கு இதவிட நல்ல தரை இல்லன்னு அம்மா சொல்றாங்க, மாவு புடிச்சு நிக்குது, காஞ்ச பிறகு கூட்டினாலும் சுத்தமா போயிடுது.

கல்லு தெரியற ஃபினிஷ் இருக்கே, எக்ஸ்போஸ்டு அக்ரிகேட்டுன்னு சொல்றாங்களே, அது எனக்கு ரொம்ப புடிச்சது. கான்க்ரீட் மேல இருக்கற சிமெண்ட் தோல கழுவி எடுத்து உள்ள இருக்கற கூழாங்கல்லு வெளிய தெரியற மாதிரி விடறது. மேல் தோல் மட்டும் சீக்கிரம் இறுகாம இருக்க ரிடார்டர்னு ஒரு மருந்து தெளிப்பாங்க. சர்க்கரைக்கும் இதே குணம் தான், சிமெண்ட் இறுகறத அது கெடுக்கும், அதனால சில எடத்துல சர்க்கரைத் தண்ணி தெளிச்சே வேலைய முடிக்கிறாங்க, எறும்புக்கும் கொண்டாட்டம். மறுநாள் பிரஷ்ஷும் தண்ணியும் வெச்சு கழுவினா கல்லு தெரியும். ஒரு கணக்கு ஞாபகம் வைங்க: கல்லோட மூணுல ஒரு பங்குக்கு மேல வெளிய நீட்டக்கூடாது, நீட்டினா கல்லு ஒன்னொன்னா கழண்டு வந்துடும். மழைல வழுக்காது, வெயில்ல நெறம் போகாது, ஏன்னா நெறமே கல்லோட நெறம் தான். குறை என்னன்னா கோலம் போட முடியாது, உருண்டையான கல்லா இல்லாம ஒடச்ச ஜல்லியா போட்டா வெறுங்காலுக்கு குத்தும், பாட்டி தாத்தா வாக்கர் வெச்சு நடக்கற வீட்டுக்கு ஒத்து வராது.

ஸ்டாம்ப் போடறது தான் இப்ப எல்லாரும் கேக்கறது. ஈர கான்க்ரீட் மேல ரப்பர் பாய் வெச்சு அமுக்கி கருங்கல்லு மாதிரி, மரப்பலகை மாதிரி டிசைன் எடுக்கறது. நல்லா பண்ணினா நெஜமாவே அழகு, நான் மறுக்கல. ஆனா இதுல நேரம் தான் எல்லாம். கட்டை வெரலால அமுக்கினா கால் இன்ச் எறங்கணும், அந்த பதம் வந்த உடனே ஆரம்பிச்சு மொத்தத்தையும் முடிச்சிடணும், வெயில் நாள்ல அந்த பதம் வந்த வேகத்துல போயிடும். ஆள் பழக்கம் இல்லாதவரா இருந்தா மொத பாதி ஆழமா, கடைசி பாதி சும்மா நிழல் விழுந்த மாதிரி இருக்கும். மேல சீலர், அதாவது தண்ணியும் கறையும் எறங்காம தடுக்கற பூச்சு, அடிச்சே ஆகணும், அதையும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ திரும்ப அடிக்கணும். பொங்கலுக்கு பொங்கல் சுண்ணாம்பு அடிக்கிற வீடா இருந்தா சரி, இல்லன்னா வேணாம். வண்டிய அது மேல நிறுத்தி சைடு ஸ்டாண்ட் போடற பழக்கம் இருந்தாலும் வேணாம்.

கல்லுப்பு ஃபினிஷ்னு ஒன்னு உண்டு, ஈரத்துல உப்புக் கல்ல தூவி அமுக்கிட்டு மறுநாள் கழுவினா சின்ன சின்ன குழியா நிக்கும். மரக்காணம் உப்பளம் பக்கத்துலயே இருக்கேன்னு ஆசப்பட்டு எறங்காதீங்க, உள்ள கம்பி வலை போட்டிருந்தா உப்பு அத துருப்புடிக்க வெக்கும், குழியில எல்லாம் கார்த்திகை மாசம் பாசி புடிக்கும். ஆசிட் ஸ்டெயின், அதாவது ஆசிட் கலந்த கரைசல ஊத்தி நெறம் ஏத்தறது, வீட்டுக்குள்ள தரைக்கு ஓகே, வெளிய நான் சொல்ல மாட்டேன், எந்த எடத்துல என்ன நெறம் வரும்னு போடறவருக்கே தெரியாது. பழைய கான்க்ரீட் மேலயே மெல்லிசா ஓவர்லே போடலாம்னு சொல்வாங்க, கீழ விரிசல் இருந்தா அதே கோடு மேலயும் வந்துடும், அவ்ளோதான் விஷயம்.

கலர் பத்தி தனியா சொல்லணும். நம்ம பாட்டி வீட்டு செவப்பு தரை ஞாபகம் இருக்கா, அந்த ரெட் ஆக்சைடு தான் இன்னிக்கும் நம்பிக்கையான கலர். இரும்பு ஆக்சைடு வகையில செவப்பு, மஞ்சள், பழுப்பு, கருப்பு வரும், வெயிலுக்கு வெளுக்காது. நீலம், பச்சை கேட்டா யோசிச்சு வாங்குங்க, மலிவுல கெடைக்கிறது பாதி வெயில்ல காணாம போயிடும். கருப்புலயும் கார்பன் பவுடர் குடுத்தா கொஞ்ச நாள்ல கழுவிக்கிட்டு போயிடும், ஆக்சைடு கருப்பு தானான்னு கேட்டு வாங்குங்க. அளவு சிமெண்ட் எடையில 100க்கு 3ல இருந்து 5 பங்கு போதும், அதாவது 50 கிலோ மூட்டைக்கு ஒன்ற கிலோல இருந்து ரெண்டரை கிலோ. 10 பங்குக்கு மேல போட்டா கலர் கூடாது, கான்க்ரீட்டோட பலம் தான் கொறையும். கண்ணளவுல ஒரு கை அள்ளி போட விடாதீங்க, தராசு வெச்சு ஒவ்வொரு கலவைக்கும் ஒரே அளவு, சிமெண்டும் ஒரே கம்பெனி, தண்ணியும் ஒரே அளவு. தண்ணி கூடினா நெறம் வெளுக்கும், கொறஞ்சா கருக்கும், எங்க பழைய பாதை மூணு செவப்பா இருந்ததுக்கு காரணமே இதான்.

கலரே வேணாம்னு நெனைக்கிறவங்க பாண்டில கோல்கொண்டே கட்டிடத்த வெளிய இருந்து ஒரு தடவ பாத்துட்டு வாங்க. அரவிந்தர் ஆசிரமத்துக்காக 1930கள் கடைசில ஆரம்பிச்சது, பூசாத கான்க்ரீட், கடலுக்கு பக்கத்துலயே இத்தன வருஷமா நிக்குது. வெறும் சாம்பல் நெறம் அசிங்கம் இல்லன்னு எனக்கு அத பாத்த அப்புறம் தான் புரிஞ்சது.

இப்ப முடிவு எடுக்கற வழி. ரெண்டு மூணு வகைய மனசுல வெச்சிக்கிட்டு மேஸ்திரிய ஒவ்வொன்னுலயும் 2 அடிக்கு 2 அடியில சாம்பிள் துண்டு போட சொல்லுங்க, நெஜ பாதைக்கு வாங்கப்போற அதே சிமெண்ட், அதே எம்-சாண்ட், அதே ஜல்லி. எங்க மேஸ்திரி மொதல்ல சிரிச்சாரு, "என்ன சார், பொடவ கடையில துணி பாக்கற மாதிரி கேக்கறீங்க"ன்னாரு, அதுக்கு தனியா கூலி தர்றேன்னு சொன்ன பிறகு போட்டாரு. ஒரு வாரம் தண்ணி காட்டி காய விட்டு மத்தியானத்துல வெறுங்காலோட நின்னு பாருங்க, சோப்புத் தண்ணி ஊத்தி நடந்து பாருங்க, கோலம் போட்டு பாருங்க, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு கறை போகுதான்னு பாருங்க, வண்டி ஸ்டாண்ட் போட்டு பாருங்க. கடையில காட்டற துண்டு பீஸ்ல இதெல்லாம் தெரியாது. ஏற்கனவே ஒருத்தர் வீட்ல போட்டத பாக்கணும்னா புதுசா போட்டத காட்டுவாங்க, ரெண்டு மழைக்காலம் தாண்டினத காட்டுங்கன்னு கேளுங்க.

நான் கடைசில ஒரே ஃபினிஷ் எடுக்கல. 20 அடிய 4 அடிக்கு ஒரு கட்டமா பிரிச்சா அஞ்சு சதுரம் வரும். கேட் பக்கத்து மொத சதுரம் செவப்பு கலந்து மணியாசு ஃபினிஷ், அது அம்மாவோடது. மிச்ச நாலும் கலர் இல்லாம தொடப்ப ஃபினிஷ். ரெண்டு ஓரத்துலயும் அரை அடி பட்டைக்கு மட்டும் கூழாங்கல்லு தெரியற மாதிரி. கோவில் மதில்ல வெள்ளையும் காவியும் பட்ட பட்டயா இருக்குமே, அந்த மாதிரி வேற வேற நெறம் பக்கத்து பக்கத்துல இருந்ததால தனியா டிசைன் தேவைப்படல. இப்படி பிரிக்கறதுல இன்னொரு லாபம், கான்க்ரீட் எப்படியும் சுருங்கி விரியும், விரிசல் விடும், அத நாம சொல்ற எடத்துல விட வெக்கறதுக்கு தான் ஜாயிண்ட். 4 இன்ச் கனத்துக்கு 1 இன்ச் ஆழம் வெட்டணும், மறுநாள் காலைலயே வெட்டிடணும், வாரம் கழிச்சு வெட்டினா அது ஏற்கனவே தன் இஷ்டத்துக்கு விரிஞ்சிருக்கும். படிக்கட்டும் பாதையும் சேர்ற எடத்துல ஒட்ட விடாம அரை இன்ச் தெர்மோகோல் பட்டை வெச்சிடுங்க.

போடற வேலைக்கு சுருக்கமா சொல்லிடறேன். 8 இன்ச் தோண்டி, 4 இன்ச் கிராவல் போட்டு தண்ணி தெளிச்சு திம்சு கட்டையால நல்லா இடிக்கணும், இங்க மணல் தரைங்கறதால இத ஏமாத்தினா அடுத்த மழைல பாதை ஒரு பக்கம் உக்காரும். அதுக்கு மேல 4 இன்ச் கான்க்ரீட். கார் ஏறும்னா 5ல இருந்து 6 இன்ச், கம்பி வலையோட. வலைய தரையில படுக்க வெச்சுட்டு மேல கொட்டறது ஒரு வியாதி, கவர் பிளாக்னு சொல்ற சின்ன கட்டைய அடியில வெச்சு தூக்கி நிறுத்தணும். 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில 80 சதுர அடிக்கு கிட்டத்தட்ட 6 மூட்ட சிமெண்ட், 11 கன அடி மணல், 22 கன அடி ஜல்லி, சேதாரத்துக்கு ஒரு மூட்ட கூட வைங்க. தண்ணி மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல வேணாம், மணல் ஈரமா இருந்தா அதுலயும் கொறைங்க. 4 அடி அகலத்துக்கு ஒரு பக்கமா 1 இன்ச் சரிவு. கடற்கரை பக்கம் போர் தண்ணி கரிப்பா இருந்தா அத கலவைக்கு எடுக்காதீங்க, பின்னாடி வெள்ளையா உப்பு பூத்து கலர் மொத்தமும் போயிடும், லாரி தண்ணி வாங்கிக்கலாம், 80 சதுர அடிக்கு எவ்ளோ ஆகப்போகுது.

மாசம் கேட்டா ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும் நல்லது. ஏப்ரல் மே ஆச்சுன்னா விடியக்காலம் 6 மணிக்கே கொட்ட ஆரம்பிச்சிடுங்க. ஐப்பசி கார்த்திகைல ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க.

ஃபினிஷ் கெட்டு போறதுல பாதி ஒரே ஒரு பழக்கத்தால. கொட்டி கொஞ்ச நேரத்துல மேல தண்ணி மெதக்கும், அது தானா வத்தற வரைக்கும் கைய கட்டிக்கிட்டு நிக்கணும். நம்மாளுங்களுக்கு பொறுமை இல்லாம வெறும் சிமெண்ட அள்ளி தூவி தண்ணிய உறிஞ்ச வெச்சு இழைச்சிடுவாங்க, பாக்க வழவழன்னு இருக்கும், ஆறே மாசத்துல செதில் செதிலா உரியும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் லீவு போட்டு பக்கத்துல நாற்காலி போட்டு உக்காருங்க, டீ வாங்கி குடுங்க, அந்த நேரத்த கடத்திடலாம்.

க்யூரிங், அதாவது போட்டத ஈரம் காயாம வெச்சு இறுக விடறது, சாதா சிமெண்ட்னா கொறஞ்சது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட்னா 10 நாள். கலர் போடாத எடத்துல ஈர சாக்கு, பாத்தி கட்டி தண்ணி எல்லாம் ஓகே. கலர் போட்ட எடத்துல சாக்கு கறை விழும், பிளாஸ்டிக் ஷீட் சுருங்கின எடமெல்லாம் கோடு விழும், அதுக்கு ஈரம் வெளிய போகாம தடுக்கற க்யூரிங் காம்பவுண்டு தெளிக்கிறது தான் பத்திரம். தெளிக்கறப்பவே எது வாங்கினோம்னு குறிச்சு வைங்க, சில வகை மேலயே படலமா நின்னுடும், அத எடுக்காம சீலர் அடிச்சா உள்ள எறங்காது.

சீலர் 28 நாள் கழிச்சு தான், தரை நல்லா காஞ்சிருக்கணும், ஈரத்துல அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெள்ள வெள்ளயா நிக்கும். கடைக்காரர் பளபளக்கற அக்ரிலிக் வகைய எடுத்து நீட்டுவாரு, அது ஸ்டாம்ப் போட்டவங்களுக்கு, அவங்களும் அதுல சொரசொரப்பு பவுடர் கலந்து தான் அடிக்கணும். தொடப்ப ஃபினிஷுக்கும் மணியாசுக்கும் உள்ள எறங்கற சிலேன் சிலாக்சேன் வகைய கேளுங்க, அடிச்சதே தெரியாது, தண்ணி ஊத்தினா முத்து முத்தா உருளும். முத்து உருளறது நின்னு தரை தண்ணிய குடிக்க ஆரம்பிச்சா அடுத்த கோட்டுக்கு நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

பாசி எந்த ஃபினிஷா இருந்தாலும் நிழல் பக்கம் வரும். எங்க வீட்ல முருங்க மரத்துக்கு கீழ நாலாவது சதுரத்துல தான் வருது, கார்த்திகைல வாரம் ஒரு தடவ பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி பத்து நிமிஷம் விட்டு நைலான் பிரஷ்ஷால தேய்ச்சிடறோம். பாத்ரூம் ஆசிட் மட்டும் ஊத்திடாதீங்க, அது பாசிய விட சிமெண்டத்தான் மொதல்ல தின்னும். அப்பா இப்பவும் அந்த சதுரம் வந்தா வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு ஓரத்து கூழாங்கல்லு பட்டயில தான் கால் வெச்சு போறாரு.